மசாஜ் வேலையில் கை கடிக்குதா? எது காரணம் என்று நாமே தேடிப் பிடிப்பது எப்படி

பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹொட்டலில் மசாஜ் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது சீசனில் எனக்கு விரல் இடுக்கெல்லாம் கடிக்கத் தொடங்கியது. கச்சான் காத்து, வெயில், உப்புத் தண்ணி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், நானும் நம்பினேன். மாரி வந்து ஹொட்டல் காலியானதும் கை தானாக ஆறியது. சித்திரையில் ஆட்கள் வரத் தொடங்கியதும் திரும்பப் பழையபடி! அப்போதுதான் வேலையைச் சந்தேகப்பட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பி, தங்கச்சிமாருக்காக, நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் கையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இதில் ரெண்டு வகை இருக்கிறது. ஒன்று உறுத்தல்: சவர்க்காரமும் தண்ணியும் தோலின் எண்ணெய்ப் பசையைக் கழுவிக் கழுவித் தோல் காய்ந்து, வெடித்து, எரியும். இது யாருக்கும் வரலாம். மற்றது உண்மையான அலர்ஜி. அதில் எரிவைவிடக் கடிதான் கூட. சின்னக் கொப்பளங்கள் வரும், மணிக்கட்டு, முழங்கை வரை ஏறும், கை பட்ட கண் இமைகூட வீங்கும். பொருள் பட்ட உடனே வராமல் ஒரு நாள், ரெண்டு நாள் கழித்து வருவதால்தான் ஆளைப் பிடிப்பது கஷ்டம். "இதே எண்ணெயைத்தானே அஞ்சு வருசமாகத் தேய்க்கிறேன்" என்பதும் சாட்சியாகாது, பழகிய பொருளுக்கே ஒருநாள் அலர்ஜி தொடங்கலாம். ரெண்டும் சேர்ந்தும் வரும், வெடித்த தோலுக்குள் அலர்ஜிப் பொருள் லேசாக இறங்கிவிடும்.

அடுத்தது ஒரு கொப்பி. ரெண்டு கிழமைக்கு அன்றன்று பாவித்த எண்ணெய், பாம், சவர்க்காரம், கையுறை, எத்தனை பேருக்குச் செய்தீர்கள், எத்தனை தரம் கை கழுவினீர்கள், எல்லாம் எழுதுங்கள். லீவு நாளையும் விடாதீர்கள். வீட்டில் துவாய் துவைக்கிற பவுடர், தலைக்கு வைக்கிற டை, இதெல்லாமும் சேர்த்தி.

மூன்றாவது, எண்ணெய்மேல் பழி போடுமுன் கழுவுகிற முறையை மாற்றுங்கள். ஒரு நாளைக்கு 20 தரத்துக்குமேல் கை கழுவுவதே தோலுக்குப் பாரம். சீசனில் அது சாதாரணமாக நடக்கும். சுடுதண்ணி வேண்டாம், வாசமில்லாத சவர்க்காரம் கொஞ்சம் போதும், மோதிரத்தைக் கழற்றுங்கள், ஏனென்றால் அதற்குக் கீழே சவர்க்காரம் தங்கும். கழுவியதும் ஒற்றித் துடைத்து, வாசமில்லாத கிரீம். இரவில் வாசலின் பூசிப் பருத்திக் கையுறை போட்டுப் படுத்தேன், வீட்டில் சிரித்தார்கள், ஆனால் வெடிப்பு ஆறியது.

கடி மட்டும் நிற்கவில்லை. அதனால் முழங்கை மடிப்புச் சோதனைக்குப் போனேன். பாவிக்கிற எண்ணெயை, ஆளுக்குப் பூசுகிற அதே கலவையில், முழங்கை உள்பக்கத்தில் சின்ன இடத்தில் காலை, மாலை ரெண்டு தரம் பூச வேண்டும், குறைந்தது 7 நாள். ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான். கடித்தால், சிவந்தால் உடனே நிறுத்துங்கள். வாசனை எண்ணெயைத் தனியாகப் பூசவே கூடாது. 100 மில்லி நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய 40 துளி என்றாலே 2 சதவீதம் வந்துவிடும். சவர்க்காரத்தை இப்படிச் சோதிக்காதீர்கள், அது யார் தோலையும் உறுத்தும்.

எனக்கு நாலாம் நாள் சிவந்தது லவெண்டர் கலவைக்கு. போத்தல் பாதி காலியாக, யன்னலோரம் எத்தனை மாதம் கிடந்ததோ தெரியாது. லவெண்டரில் இருக்கும் லினலூல், தோடை, எலுமிச்சை எண்ணெயில் இருக்கும் லிமொனீன் ரெண்டும் காத்துப் பட்டுப் பழுதாகும்போதுதான் அலர்ஜியைக் கிளப்புகிற பொருளாக மாறுகின்றன. சின்னப் போத்தலாக வாங்கி, திறந்த திகதியை எழுதி, குளிர்ப்பெட்டியில் வையுங்கள். ஆனால் ஒருதரம் அலர்ஜி வந்தவருக்குப் புதுப் போத்தலும் நம்பிக்கையில்லை, நான் அடியோடு விட்டுவிட்டேன். கறுவா, கராம்பு எண்ணெய்களிலும் கவனம்.

கையுறை போட்டுத் தப்பலாம் என்றால், லேடெக்ஸ் எண்ணெயில் இளகிக் கிழியும், அந்த ரப்பருக்கே சிலருக்கு அலர்ஜி. லேடெக்ஸ் இல்லாத நைட்ரைல் கையுறை பரவாயில்லை, ஆனால் நம்ம புழுக்கத்தில் உள்ளே வேர்த்து ஊறும், அடிக்கடி மாற்ற வேண்டும்.

பாமசியில் கேட்டு ஸ்டீரொயிட் கிரீம் வாங்கிப் பூசாதீர்கள். படர்தாமரையாக இருந்தால் அது அடங்கியது போலத் தெரிந்து, பிறகு பரவும். ஒரு பொருள் பட்ட சில நிமிடத்திலேயே உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டினால் சோதனையெல்லாம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

ரெண்டு, மூன்று கிழமையில் ஆறாவிட்டால் கொப்பியோடும் போத்தல் லேபல் படங்களோடும் தோல் டொக்டரிடம் போங்கள். பட்டைச் சோதனை (patch test, அலர்ஜி தரக்கூடிய பொருட்களை முதுகில் ஒட்டிப் பார்ப்பது) செய்யச் சொன்னால் ஒட்டியதை ரெண்டு நாள் நனைக்காமல், வேர்க்காமல் வைத்திருக்க வேண்டும், எடுத்த பிறகும் ஒருதரம் காட்ட வரச் சொல்வார்கள். மசாஜ் செய்துகொண்டு அது நடக்காது, அதனால் சீசன் முடிந்த பிறகு ஒரு திகதி தரச் சொல்லிக் கேளுங்கள்.