ஆத்தா கிரீன் கார்டோட ஊருக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல தங்கணுமா? கெளம்புறதுக்கு முன்னாடி ரீ-என்ட்ரி பர்மிட் போட்டுடுங்க

நம்ம காரைக்குடிப் பக்கம் இப்ப வீட்டுக்கு வீடு இதே கதைதான். பிள்ளைக அமெரிக்காவுல சிட்டிசன் ஆகி ஆத்தாவுக்கும் அப்பச்சிக்கும் கிரீன் கார்டு எடுத்துக் குடுத்துடுறாக, ஆனா அவுக மனசு ஊர்லயேதான் கெடக்கு. வளவு வீட்டைப் பூட்டியே போட்டா கறையான் ஏறிடும்ங்குறாக, பங்காளிக சேந்து ஓடு மாத்தணும்ங்குறாக, கோயில் கும்பாபிஷேகம் வருது, அது முடிஞ்சா அப்பச்சிக்கு எழுவது சாந்தி, இப்படியே ஆறு மாசம்னு கெளம்புனவுக ஒண்ணரை வருஷம் ஆக்கிடுறாக. அப்புறம் திரும்பிப் போறப்ப ஏர்லைன் கவுன்ட்டர்லயே மறிச்சுடுவாக.

கணக்கு இதுதான். ஆறு மாசத்துக்குள்ள திரும்பிட்டா பெரும்பாலும் பிரச்சனை இல்ல. ஆறு மாசம் தாண்டிட்டா இமிக்ரேஷன்ல கேள்வி கேப்பாக. ஒரு வருஷம் ஆயிடுச்சுன்னா வெறும் கிரீன் கார்டை வச்சு உள்ள போக முடியாது, கார்டுல பத்து வருஷத்துக்குத் தேதி போட்டிருக்கேன்னு சொன்னாலும் எடுபடாது. கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வியாபாரத்துக்கு, போன காலத்துல நம்ம ஆளுக பர்மா மலேயான்னு மூணு வருஷக் கணக்குக்குப் போயி சாவகாசமா திரும்பி வந்தாக, அமெரிக்காக்காரன் அவ்வளவெல்லாம் பொறுக்க மாட்டான்.

இதுக்குத்தான் ரீ-என்ட்ரி பர்மிட், அதாவது நாள் கழிச்சுத் திரும்பி உள்ள போறதுக்கு முன்னாடியே வாங்கி வைக்கிற அனுமதி, ஐ-131ங்குற ஃபார்ம்ல கேக்கணும். முக்கியமான விஷயம், ஃபார்ம் போய்ச் சேர்றப்ப ஆத்தா அமெரிக்கா மண்ணுல இருக்கணும். காரைக்குடிக்கு வந்துட்டு மகன் அங்கேருந்து போட்டுக்குவான்னு இருந்தா நடக்காது, நெறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். அதனால டிக்கெட் தேதிக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே போட்டுடுங்க. ஃபீஸ் 2024 ஏப்ரல்ல மாத்துனதுலேருந்து 630 டாலர், ஆனா அடிக்கடி மாத்துறாக, அனுப்புற அன்னிக்கு அமெரிக்கக் குடியேற்ற ஆபீசான யூஎஸ்சிஐஎஸ் சைட்ல ஒரு தடவை பாத்துக்கிடுங்க. கிரீன் கார்டு ரெண்டு பக்கமும் காப்பி வைக்கணும். பேரு கார்டுல எப்படி இருக்கோ அச்சா அப்படியே எழுதுங்க, இனிஷியலை நீங்களா விரிச்சு அப்பச்சி பேரைக் கொண்டுபோய் நடுவுல போடாதீங்க.

ஃபார்ம்ல ரெண்டு கேள்விக்கு நிதானமா பதில் எழுதணும். கடைசி அஞ்சு வருஷத்துல மொத்தம் எவ்வளவு காலம் அமெரிக்காவுக்கு வெளிய இருந்தீங்கன்னு ஒண்ணு, அதுக்கு பாஸ்போர்ட் முத்திரையெல்லாம் பாத்துக் கூட்டி எழுதுங்க, குத்துமதிப்பா வேணாம். அஞ்சுல நாலு வருஷத்துக்கு மேல வெளிய இருந்திருந்தா பொதுவா பர்மிட்டே ஒரு வருஷத்துக்குத்தான் தருவாக. இன்னொண்ணு டாக்ஸ். ஆத்தாவுக்குத்தான் சம்பளமே இல்லையே, என்ன டாக்ஸ்னு விட்டுடாதீங்க, நான்-ரெசிடென்ட்னு சொல்லி ரிட்டர்ன் போட்டிருந்தா கிரீன் கார்டே வேணாம்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி எடுத்துக்க வாய்ப்பிருக்கு. இங்க வீட்டு வாடகை, டெபாசிட் வட்டின்னு வந்தா அங்க உள்ள ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

போட்டதும் ரசீது வரும், கொஞ்ச வாரத்துல கைரேகைக்கு லெட்டர் வரும், அதுவரைக்கும் ஆத்தாவை அங்கேயே வச்சுக்கிடுங்க. அம்மியில அரைச்சு உலக்கை புடிச்சே ரேகை தேஞ்ச கையி, மெஷின்ல சட்டுனு விழாது, ரெண்டாவது தடவை வரச் சொன்னாலும் பதற வேண்டியதில்ல. ரேகை குடுத்துட்டா தாராளமா கெளம்பலாம். பர்மிட் வர மாசக்கணக்கா ஆகும், அதை சென்னை அமெரிக்கக் கான்சுலேட்ல வாங்கிக்கிறேன்னு ஃபார்ம்லயே குறிச்சுட்டா அங்க வந்துடும். பாஸ்போர்ட் மாதிரி ஒரு புத்தகம், அதிகபட்சம் ரெண்டு வருஷம் செல்லும். நீட்டிக்க முடியாது, வேணும்னா மறுபடி அமெரிக்கா போயிதான் புதுசு கேக்கணும். நம்ம இந்தியப் பாஸ்போர்ட்டும் தேதியோட இருக்கணும், அதையும் பாருங்க.

பர்மிட் இருந்தாலும் ஏர்போர்ட்ல கேள்வி வரும். அங்க பேங்க் அக்கவுன்ட், டாக்ஸ் ரிட்டர்ன், ஸ்டேட் ஐடி, மகன் வீட்டு விலாசத்துக்கு வந்த லெட்டர், ஊர்ல ஏன் தங்குனோம்னு காட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு, சாந்திப் பத்திரிகை எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு ஆத்தா கைப்பையில வச்சு விடுங்க, பெட்டிக்குள்ள வேணாம். ஆபீசர் ஐ-407னு ஒரு பேப்பரை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னா போட வேண்டிய கட்டாயம் இல்ல, அது கிரீன் கார்டைத் திருப்பிக் குடுக்குற பேப்பர். ஜட்ஜ் முன்னாடி விசாரணை வேணும்னு கேக்குறதுக்கு உரிமை இருக்கு. இந்த ஐ-407ங்குற நம்பரை மட்டும் ஆத்தாவுக்கு மனப்பாடமா சொல்லிக் குடுத்துடுங்க.

சிட்டிசன்ஷிப் யோசனை இருந்தா வேற கணக்கு. பர்மிட் கையில இருந்தாலும் ஒரு வருஷம் வெளிய இருந்தா, சிட்டிசன்ஷிப்புக்குக் கேக்குற அஞ்சு வருஷம் தொடர்ந்து அங்க குடியிருந்த கணக்கு அறுந்துடும்.

கிரீன் கார்டே இன்னும் வரல, அங்கேயே ஐ-485ங்குற கிரீன் கார்டு மனு போட்டுக் காத்திருக்காகன்னா அதே ஐ-131தான், ஆனா கேக்க வேண்டியது அட்வான்ஸ் பரோல், அதாவது மனு முடியுறதுக்குள்ள வெளிய போயிட்டுத் திரும்புறதுக்கான அனுமதி. ஆத்தாவுக்கெல்லாம் அது கைக்கு வர்றதுக்கு முன்னாடி ஃப்ளைட் ஏறினா ஐ-485 கைவிட்டதா ஆயிடும்.

ஏற்கனவே ஒரு வருஷம் தாண்டி பர்மிட்டும் இல்லாம ஊர்ல இருக்காகளா, அப்ப இந்தியாவுல உள்ள அமெரிக்கக் கான்சுலேட்ல டிஎஸ்-117 ஃபார்ம் குடுத்து எஸ்பி-1, அதாவது கிரீன் கார்டுக்காரவுக திரும்பிப் போறதுக்கான விசா, கேக்கணும். நம்ம கையை மீறின காரணம்னு காட்டணும், படுத்த படுக்கையா இருந்தாக, ஆபரேஷன் ஆச்சுன்னா தேதியோட டாக்டர் லெட்டர் வாங்கிக் குடுங்க. ஓடு மாத்துனோம், கும்பாபிஷேகம் பாத்தோம்னா அங்க செல்லாது.