கேம் டிசைனர் ஆகக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள் (நானும் செய்தவைதான்)

கேம் டிசைன் வேலைக்கு விண்ணப்பிக்கும் புதியவர்களின் போர்ட்ஃபோலியோக்களை (தாங்கள் செய்தவற்றின் தொகுப்பை) பார்ப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. பார்க்கப் பார்க்க என் பழைய ஆட்டத்தையே யாரோ திரும்பப் போட்டுக் காட்டுகிற மாதிரி இருக்கும். அதே சறுக்கல், அதே இடத்தில். 'பேக்கப் எடுத்து வையுங்கள்', 'விளையாடத் தெரிந்தால் மட்டும் போதாது' போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

## கனவு கேமிலிருந்து தொடங்குவது

என் முதல் டிசைன் ஆவணம் 90 பக்கம். ஐந்து ராஜ்ஜியங்கள், அவற்றின் வம்சாவளி எல்லாம் இருந்தன. நாயகன் எவ்வளவு உயரம் குதிப்பான் என்பது மட்டும் எங்கும் இல்லை.

அலெக்சி பஜித்னவ் டெட்ரிஸின் முதல் வடிவத்தைச் செய்த எலக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரையவே வழி கிடையாது. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டங்களைக் காட்டினார். ஆட்டம் அதிலேயே இருந்தது.

"ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமை ஒரே ஆள் செய்யவில்லையா?" என்று கேட்பார்கள். எரிக் பரோன் செய்தார்தான். சுமார் நாலரை வருடம் ஆனது. அந்த நாலரை வருடத்தை மட்டும் யாரும் சொல்வதில்லை.

## பக்கத்தில் நின்று விளக்குவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். கிட்டத்தட்ட ஒரு வருடம் இதில் போனது.

புதிர் கேம் ஒன்று செய்துகொண்டிருந்தேன். பெட்டியைத் தள்ளி ஸ்விட்ச் மேல் வைத்தால் கதவு திறக்கும். ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் பெட்டியை இழுக்கவும் முடியும். வருகிற நண்பர்களை எல்லாம் உட்கார வைத்து விளையாடச் சொன்னேன். எல்லோரும் "சூப்பர்" என்றார்கள். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அதைப் பிடிச்சு இழு", "விடாம அழுத்திக்கிட்டே இரு", "அந்த நீலக் கல் சும்மா அழகுக்கு, அதை விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்படியே பதினோரு மாதம், நாற்பது லெவல்.

அப்புறம், அறிமுகமே இல்லாத ஒருவர் தான் விளையாடியதைத் திரைப்பதிவாக அனுப்பினார். இரண்டாவது லெவலில் பெட்டி மூலையில் மாட்டிக்கொண்டது. அதன் மேல் ஏறிக் குதித்தார். அந்தப் பக்கம் போய்த் தள்ளினார், இந்தப் பக்கம் வந்து தள்ளினார். லெவலை முதலிலிருந்து தொடங்கினார், மறுபடியும் அதே மூலை. கடைசியில் நீலக் கல்லிடம் போய் ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தார். இழுக்கும் பட்டனையும் அழுத்தினார், ஆனால் கல்லிடம். ஆறு நிமிடம் நாற்பது விநாடியில் பதிவு முடிந்துவிட்டது.

நாற்பது லெவலும் 'இழுக்கத் தெரியும்' என்ற நம்பிக்கையில் கட்டியவை. அவற்றில் முப்பதைத் தூக்கிப் போட்டேன்.

1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் தொடக்கத்தைப் பாருங்கள். மாரியோ இடது ஓரத்தில் நிற்கிறான், வலப்பக்கம் காலியாக இருக்கிறது. எந்தப் பக்கம் போவது என்று தெரிந்துவிடுகிறது. முதல் எதிரியின் மேல் மோதி நாம் செத்தாலும் நஷ்டம் சில விநாடிதான், குதிக்க வேண்டும் என்று புரிந்துவிடும். பெட்டியிலிருந்து வரும் காளான் வலப்பக்கம் ஓடி, குழாயில் மோதி, நம்மை நோக்கியே திரும்பி வருகிறது. தப்பிக்கப் பார்த்தாலும் பெரும்பாலும் மேலே பட்டுவிடும். பட்டால் நல்லது என்று தெரிந்துவிடும். திரையில் ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது.

ஆகவே யாராவது விளையாடும்போது வாயை மூடிக்கொண்டு அவர்கள் கையைப் பாருங்கள். எங்கே நின்றார்கள், எதைத் தேவையில்லாமல் அழுத்தினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் "பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக ஆமாம் என்பார்கள். "அந்த இடத்தில் என்ன செய்யப் பார்த்தீங்க?" என்று கேளுங்கள். இன்னொன்று: ஒருவர் ஒரு கேமை முதல்முறையாக விளையாடுவது ஒரே ஒரு தடவைதான். எல்லா நண்பர்களையும் முதல் வாரத்திலேயே செலவழித்துவிடாதீர்கள். மூன்று பேர் பார்க்கட்டும், சரிசெய்யுங்கள், அப்புறம் அடுத்த மூன்று பேர்.

போர்ட்ஃபோலியோவுக்கும் இதே கதைதான். உங்கள் கேமை நான் தனியாகத்தான் திறப்பேன், சில நிமிடம்தான் தருவேன். 'கன்ட்ரோல்கள் ரீட்மீ கோப்பில் உள்ளன' என்று எழுதியிருப்பார்கள். ரீட்மீ என்ற அந்த விளக்கக் குறிப்பும் நாற்காலிக்குப் பின்னால் நிற்பதுதான்.

## என்ஜினை மாற்றிக்கொண்டே இருப்பது

என்ஜின் என்பது கேமைக் கட்ட உதவும் மென்பொருள்: யூனிட்டி, அன்ரியல், கோடோ. ஒன்றை எடுங்கள், ஒரு கேமை முடியுங்கள்.

## ஜாமில் செய்ததை அப்படியே காட்டுவது

லூடம் டேர் போன்ற ஜாம்களில் (குறுகிய கெடுவுக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் நிகழ்வுகளில்) கலந்துகொள்ளுங்கள். 48 மணி நேரத்தில் எதை வெட்ட வேண்டும் என்று கை பழகும். ஆனால் ஜாம் முடிந்த இரவில் இருந்த நிலையிலேயே அதைப் போர்ட்ஃபோலியோவில் வைக்காதீர்கள். செலஸ்ட் என்ற புகழ்பெற்ற கேம் கூட, சின்ன கேம்கள் செய்வதற்கான பிக்கோ-8 மென்பொருளில் நான்கு நாளில் உருவான சின்ன கேமாகத்தான் தொடங்கியது. முழு கேமாக 2018-ல் வந்தது.

## 'நாங்கள் செய்தோம்'

குழுவாகச் செய்த கேமைப் பற்றி இப்படித்தான் எழுதியிருப்பார்கள். அதில் நீங்கள் எதைச் செய்தீர்கள்?

## வேலை விளம்பரத்தில் 'டிசைனர்' என்ற சொல்லை மட்டும் படிப்பது

லெவல் டிசைனர் இடங்களை அமைப்பவர். சிஸ்டம்ஸ் டிசைனர் பாதி நாள் எக்செல் தாளில் இருப்பார்: வாளின் விலை என்ன, அதை வாங்க எத்தனை சண்டை தேவை என்ற கணக்கு. இந்த இரண்டாவது வேலைக்கு வந்த ஒரு விண்ணப்பத்தில் இருபது குகைகளின் வரைபடம் இருந்தது. ஒரு எண் கூட இல்லை. குகைகள் என்னவோ அழகாகத்தான் இருந்தன.