சூப்பர் ஹீரோவின் காதலன் வெறும் கூட்டுகாரனாகத் தெரிவது ஏன்?

வடசேரி பஸ் ஸ்டாண்டில் இரண்டு பையன்கள் தோளில் கைபோட்டு நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அமெரிக்க காமிக்ஸில் காதலின் அடையாளமாகப் பார்த்த அந்த ஜாடையை, ஆணைக் காதலிக்கும் உங்கள் நாகர்கோவில் சூப்பர் ஹீரோவுக்கு அப்படியே வரைந்தால், வாசகர் நட்பு என்றே எடுத்துக்கொள்வார். 22 பக்க காமிக்ஸ் இதழில் ஒரு கட்டமாவது ஐயமில்லாமல் இருக்க வேண்டும்: ஒரு முத்தம், அல்லது வீட்டில் அவன் வாய்திறந்து சொல்லும் ஒரு வரி.

அதற்காக அறிவிப்பையே கதையாக்கிவிடக் கூடாது. அமெரிக்க காமிக்ஸ் பதிப்பாளர்களின் தணிக்கை விதியான 1954-ன் காமிக்ஸ் கோடு தன்பால் ஈர்ப்பைக் குறிப்பால் காட்டவும் தடுத்தது; 1989-ல்தான் தளர்ந்தது. அதனால் 1992-ல் மார்வெலின் சூப்பர் ஹீரோ நார்த்ஸ்டார் சண்டைக்கு நடுவே தன்னை 'கே' (தன்பால் ஈர்ப்பாளன்) என்று முழங்கியது பெரிய காரியம். ஆனால் யாரைக் காதலிக்கிறான் என்பது அதில் இல்லை. அவன் கல்யாணம் 2012-ல்தான் நடந்தது. 'தி அத்தாரிட்டி' காமிக்ஸின் அப்போலோவும் மிட்நைட்டரும் வேறு ரகம். சேர்ந்து சண்டைபோடும் விதத்திலேயே ஜோடி என்று தெரிந்துவிடும்.

காதலனைக் கொன்று நாயகனுக்குச் சோகம் ஏற்றுவது இன்னும் மோசம். டிசியின் 'எர்த் 2'-ல் (2012) நாயகன் ஆலன் ஸ்காட் காதலன் சாமிடம் மோதிரத்தை நீட்டுகிறான், ரயில் வெடிக்கிறது, சாம் சாகிறான், அந்த மோதிரமே சக்தியாகிறது. சாம் யார் என்று தெரிய வாசகருக்கு நேரமே கிடைக்கவில்லை. உங்கள் கதையிலிருந்து காதலனை நீக்கி வாசித்துப் பாருங்கள். அழுகை மட்டும்தான் குறைகிறது என்றால் அவனை நீங்கள் இன்னும் எழுதவில்லை.

வில்லனுக்கு மட்டும் பெண்மை நெளிவு வைப்பது பழைய சினிமா வியாதி, அதை விட்டுவிடுங்கள்.

மார்த்தாண்டம் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணக் காட்சி வேண்டாம். 2018-ல் உச்ச நீதிமன்றம் தன்பால் உறவு குற்றம் என்பதைத்தான் நீக்கியது. திருமண அங்கீகாரத்தை 2023-ல் மறுத்துவிட்டது. நாயகனுக்கு வரும் இடைஞ்சல் அவன் ஊரிலிருந்தே வரட்டும். டிசியின் பேட்வுமன் கேட் கேன் ராணுவக் கல்லூரியைவிட்டு வெளியேற நேர்ந்தது, தன்பால் ஈர்ப்பை ஒப்புக்கொண்டவர்களுக்கு இடமில்லை என்ற அன்றைய அமெரிக்க ராணுவ விதியால். குளச்சல் கத்தோலிக்கப் பையனுக்கு வீட்டார் பெண் பார்த்துவிட்டால் கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிப்பார்கள். வில்லனோடு மோதும் நாள்களை அந்த ஞாயிறுகளுக்கு இடையில் வையுங்கள். கெடு தானாக இறுகும்.