பரிசு வைத்துக் கெடுக்கும் வேலைகள்

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டனில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில், "பணம் பெரிதல்ல, மனநிறைவே பெரிது" என்றார் பேச வந்தவர். பின்வரிசையில் இருந்த கங்காணி (தோட்டத் தொழிலாளரை மேற்பார்ப்பவர்) ஒருவர், "அந்த நிறைவைக் கொடுத்தால் கடையில் அரிசி தருவார்களா?" என்று முணுமுணுத்தார். அவர் கேட்டது நியாயம். தோட்டத் தொழிலாளர்கள் 2015 முதல் கேட்டுவந்த ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 2021 இல்தான் கிடைத்தது. அப்படிப்பட்ட இடத்தில் கூலிக்குப் பதிலாகப் பாராட்டைக் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. சம்பளத்தைக் குறைவில்லாமல், சொன்ன திகதியில் கொடுங்கள். பிறகு மற்றதைப் பேசலாம்.

அடுத்த தவறு, எதையும் கிலோவாக மாற்றுவது. மேலதிகக் கிலோவுக்குக் காசு என்றதும் கவனம் செடியை விட்டுக் கூடைக்குப் போய்விடும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய விரல் முற்றிய இலையையும் சேர்த்து உருவும். பறித்தவரைத் திட்டிப் பயனில்லை. தராசு கேட்டதைத்தான் அவர் கொடுத்தார்.

இதைவிட நுட்பமான கேடு ஒன்று உண்டு. 1973 இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் வேறு இருவரும் அமெரிக்காவில் பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதை விரும்பிய சில பிள்ளைகளிடம், "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாட்கள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களின் நேரத்தில் ஏறக்குறைய பாதிதான். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்த ஆசை குறையவில்லை.

இதை அறியாமல் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். எங்கள் லயத்து (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) மாலை வகுப்பில் நான்கு இளைஞர்கள் காசு வாங்காமல் படிப்பித்தார்கள். ஒரு நன்கொடை வந்ததும், பெருமையாக, வகுப்புக்கு 200 ரூபாய் என்று அறிவித்தோம். ஐந்து மாதத்தில் பணம் தீர்ந்தது. இருவர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன் மழையிலும் நனைந்து வந்தவர்கள்! பிள்ளைகளுக்காகச் செய்ததை 200 ரூபாய்க்குச் செய்யும் வேலையாக்கியவர்கள் நாங்கள்தான்.

'மாதத்தின் சிறந்த ஊழியர்' கேடயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்காம் மாதம் அது முறைவைத்துச் சுற்றத் தொடங்கிவிடும்.

உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் மனிதருக்கு மூன்று தேவைகள் என்கிறார்கள்: தன் விருப்பில் செய்வது, கைத்திறன் வளர்வதை உணர்வது, கூட இருப்பவர்களோடு ஒட்டுதல். வாயால் பாராட்டிக்கொண்டே முதுகுக்குப் பின்னால் நின்று ஏவுபவர் மூன்றையும் ஒரே நாளில் கெடுத்துவிடுவார். யார் எந்த நிரையைப் பிடிப்பது என்பதைப் பறிப்பவர்களே பேசித் தீர்க்கட்டும். மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறுக்கும்போது எத்தனை கிலோவை எதற்காகக் கழிக்கிறீர்கள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். தோட்டத்துத் தேயிலை கொழும்பு ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்பதையும் பிரட்டுக்களத்தில் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கக் கூடும் இடத்தில்) சொல்லலாம். முப்பது வருடம் கொழுந்தெடுத்த என் பெரியம்மாவிடம் ஒரு நாளும் யாரும் அதைச் சொன்னதில்லை.