வயதால் வந்த மாற்றமா, பிறந்த காலத்தின் வேறுபாடா? வளர்ச்சி உளவியல் ஆய்வை வடிவமைக்கும் முறை

வளர்ச்சி உளவியலில் முதல் ஆய்வைத் தொடங்கும் மாணவர்கள் பெரும்பாலும் வினாத்தாளைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். யாரை, எந்த வயதில், எத்தனை முறை அளக்கப்போகிறோம் என்பது முடிவாகாத நிலையில், எவ்வளவு நல்ல வினாத்தாளும் பயன்படாது.

படி 1: கேள்வியைக் குறுக்குங்கள்

"குழந்தைகளின் நினைவாற்றல் எப்படி வளர்கிறது?" என்பது மிகவும் அகலமான கேள்வி. "ஒருமுறை கேட்ட எண்களை அதே வரிசையில் திருப்பிச் சொல்லும் திறன், ஐந்து வயதிலிருந்து பத்து வயதுக்குள் எவ்வளவு கூடுகிறது?" என்று கேட்டால் அதை அளக்க முடியும்.

படி 2: அளக்கும் விதத்தை எழுதி வையுங்கள்

நொடிக்கு ஓர் எண் வீதம், ஏற்ற இறக்கமில்லாத குரலில் "ஏழு, இரண்டு, ஒன்பது" என்று சொல்லி நிறுத்த வேண்டும். சரியாகத் திருப்பிச் சொன்னால் அடுத்து நான்கு எண்கள். ஒரே நீளத்தில் இரு முறை தவறினால் சோதனையை முடித்து, சரியாகச் சொன்ன மிக நீண்ட வரிசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். "எழுபத்திரண்டு, ஒன்பது" என்று சேர்த்துச் சொல்லிவிட்டால், குழந்தை நினைவில் வைக்க வேண்டியவை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிடும்.

படி 3: ஆய்வு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

வெவ்வேறு வயதினரை ஒரே காலத்தில் ஒப்பிடுவது குறுக்குவெட்டு ஆய்வு; அதே மனிதர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்வது நெடுங்கால ஆய்வு. இரண்டும் ஒரே விடையைத் தரும் என்று எண்ணிவிடக் கூடாது.

உளவியலாளர் வார்னர் ஷாய் 1956இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், இருபதுகள் முதல் அறுபதுகள் வரையிலான 500 பேரின் அறிவுத்திறன்களைச் சோதித்தார். வயதுக் குழுக்களை ஒப்பிட்டபோது முதியவர்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். ஆனால், ஏழாண்டுக்கு ஒருமுறை அதே மனிதர்களை மீண்டும் சோதித்துவந்தபோது, பெரும்பாலான திறன்கள் அறுபது வயதை நெருங்கும்வரை பெரிதாகக் குறையவில்லை. முதியவர்கள் பிறந்து வளர்ந்த காலத்தில் பள்ளிக் கல்வி குறைவு. அந்த வேறுபாட்டின் ஒரு பகுதிதான் முதுமையின் சரிவாகத் தோற்றமளித்தது. இதையே பிறப்புக்குழு விளைவு என்கிறோம்.

நெடுங்கால ஆய்விலும் குறை உண்டு. 1963இல் அந்த 500 பேரில் 303 பேரை மட்டுமே மறுபடியும் சோதிக்க முடிந்தது. பொதுவாக, இடையில் விலகுபவர்களில் நலம் குன்றியவர்கள் மிகுதியாக இருப்பதால், எஞ்சியவர்களின் சராசரி உண்மையைவிட உயர்வாகத் தெரியக்கூடும். ஒரே சோதனையை மீண்டும் எழுதிய பழக்கமும் மதிப்பெண்ணைக் கூட்டும். ஆகவே ஷாய் அவ்வாண்டே புதிய ஆட்களையும் சேர்த்தார். இவ்வாறு இரு முறைகளையும் இணைப்பது தொடர்வரிசை ஆய்வு. 2002இல் ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தில் களப்பணியைத் தொடங்கிய, குழந்தைகளின் வளர்ச்சி பற்றிய 'யங் லைவ்ஸ்' ஆய்வும், அப்போது ஏறத்தாழ ஒரு வயதும் எட்டு வயதுமாக இருந்த இரு குழுக்களைப் பின்தொடர்வதால், 2002இல் எட்டு வயதாக இருந்தவர்களை 2009இல் எட்டு வயதானவர்களோடு ஒப்பிட அதில் வழியிருக்கிறது.

ஒரு பருவத்துக்குள் முடிக்க வேண்டிய மாணவருக்குக் குறுக்குவெட்டு ஆய்வே பொருந்தும். அப்போது ஒரே வகைப் பள்ளியிலிருந்து எல்லா வயதினரையும் தேர்ந்தெடுங்கள். கேள்வியில் உள்ள "எவ்வளவு கூடுகிறது" என்பதை "வயதுக் குழுக்களுக்கிடையே எவ்வளவு வேறுபடுகிறது" என்று மாற்றி எழுதுங்கள்.

படி 4: ஒப்புதல் பெறுங்கள்

பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் கட்டாயம். ஆயினும் அது மட்டும் போதாது. குழந்தைக்குப் புரியும் சொற்களில் விளக்கி, அதன் விருப்பத்தையும் கேட்க வேண்டும். பெற்றோர் கையெழுத்திட்டிருந்தாலும், குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ எழுந்து போக விரும்பினாலோ சோதனையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.