முன்பக்கம் அடிபட்ட பழைய மாருதி 800: குறைந்த செலவில் சரிசெய்வது எப்படி?

மூடுபனியில் குன்னூர் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவொன்றில் என் மாருதி 800 தடுப்புச் சுவரில் மோதியது. பம்பர், கிரில், இடது ஹெட்லைட், பானட், ரேடியேட்டர் அத்தனையும் போயிற்று. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் நம் வண்டிக்கு ஒரு பைசா வராது. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இது.

முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். ரேடியேட்டர் ஒழுகியிருந்தால் சில நிமிடங்களில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய்விடும், செலவு பல மடங்காகும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள்.

அடுத்து அளவு. இதை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். இடது சஸ்பென்ஷன் மேல்முனை போல்ட்டிலிருந்து வலது ஹெட்லைட் பொருத்தும் துளை வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். பிறகு வலதிலிருந்து இடதுக்கு. இரண்டுக்கும் அரை சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே வண்டியின் இரும்புச் சட்டம் வளைந்திருக்கிறது என்று பொருள். ஏப்ரன் தகட்டில் (பானட்டுக்கு அடியில், சக்கரத்துக்கு உள்பக்கமாக இருக்கும் தகடு) சுருக்கம் தெரிந்தாலும் அப்படித்தான். கழற்றுவதும் மாட்டுவதும் நாம் செய்யலாம். செயின் போட்டு இழுத்து நேராக்குவது டிங்கர் (தகடு நிமிர்த்துபவர்) வேலை, அதற்குக் கூலி கொடுத்துவிடுங்கள்.

தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டாலும், கோவை உக்கடம் பழைய உதிரிபாகக் கடைகளில் பானட்டும் பம்பரும் தேடலாம். உங்கள் வண்டியின் நிறத்திலேயே பானட் கிடைத்தால் பெயிண்ட் செலவும் மிச்சம். ரேடியேட்டரை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். நம் மலை ஏற்றத்தில் பழையதை நம்ப முடியாது.

ரேடியேட்டரில் ஊற்ற, கூலன்ட்டும் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும், வெறும் தண்ணீர் வேண்டாம். இன்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து ஊற்றி, ஐடிலில் ஓடவிட்டுக் காற்றுக் குமிழ் நின்றதும் மூடுங்கள். விசிறி தானாகச் சுற்றும்வரை காத்திருங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் கை வெந்துவிடும்.

பானட் லாக் இரண்டு கட்டமாகப் பிடிக்கிறதா என்று பத்துமுறை மூடித் திறந்து பாருங்கள். சரிவில் பானட் எழும்பினால் பாதையே தெரியாது.

ஹெட்லைட்டுக்கு, சமதரையில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டிம் லைட்டின் மேல்விளிம்பு ஹெட்லைட் நடுப்புள்ளியைவிட 5 சென்டிமீட்டர் கீழே விழவேண்டும். மேலே போனால் மூடுபனியில் வெள்ளைச் சுவர் மட்டுமே தெரியும்.

முதல் ஓட்டம் பகலில், குன்னூரிலிருந்து அருவங்காடு வரை. மேட்டுப்பாளையம் பக்கம் இறங்கவேண்டாம். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் வீல் அலைன்மென்ட் பார்த்த பிறகே அடுத்த பயணம். திரும்பி வந்ததும் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து, காலையில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.