முதல் ஆல்பத்துக்குப் பணம் திரட்டும்போது செய்யக்கூடாதவை

புதிதாக இசைக்குழு தொடங்கிய இளைஞர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, ஒரு ஆல்பம் போட எவ்வளவு ஆகும்?" என்பதுதான். தொகையை எப்படியாவது குறைத்துக்கொள்ளலாம். அந்தப் பணம் யாரிடமிருந்து வருகிறது, யார் பெயரில் செலவாகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. நாங்கள் தொடங்கிய காலத்தில் எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மேடையில் பேஸ் கிட்டார் வாசிப்பதும், மற்ற நேரத்தில் சென்னைக் குழுக்கள் சிலவற்றின் ரெக்கார்டிங் கணக்குகளைப் பார்த்துக்கொடுப்பதும் என் வேலை. வரவுசெலவு எழுதுங்கள், ஆடம்பரம் வேண்டாம் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதை உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார்.

ஸ்டுடியோவில் உட்கார்ந்து பாட்டை முடிப்பது

ஸ்டுடியோவுக்கு மணிக்கணக்கில் பணம். அங்கே போய் "சரணத்துக்கு அப்புறம் பல்லவிக்கு எப்படித் திரும்புவது?" என்று விவாதிக்கும் குழுக்களை இன்றும் பார்க்கிறேன். டிரம்ஸுக்கு மட்டும்தான் நல்ல அறையும் பல மைக்குகளும் கட்டாயம் தேவை. அதை ஸ்டுடியோவில் பதிவு செய்துவிட்டு, கிட்டாரையும் பேஸையும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் (கருவியின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் சிறு பெட்டி) வழியாக வீட்டிலேயே எடுத்துவிடலாம். குரலுக்கு நள்ளிரவுக்கு மேல்தான் சரிப்படும்: மின்விசிறியை நிறுத்தி, பீரோவைத் திறந்து துணிகளுக்கு முன்னால் மைக்கை வைத்து, தெருநாய் ஓய்ந்த பிறகு பாட வேண்டும். வியர்வை சொட்டும். ஆனால் மீட்டர் ஓடாது. ஸ்டுடியோவுக்குப் போகும் முன் டிரம்ஸ் தோலையும் கிட்டார் தந்திகளையும் மாற்றிவிடுங்கள். பழைய தோலில் அடித்துவிட்டு எல்லா ஒலிகளையும் கலந்து சமன்செய்யும் மிக்ஸிங்கில் சரிசெய்யச் சொன்னால், அந்த நேரத்துக்கும் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும்.

பில்லை இன்னொருவர் பெயரில் போடவிடுவது

இது ஒன்றுக்காகத்தான் இந்தக் கட்டுரையே.

எல்லாக் குழுவுக்கும் ஒருவர் வருவார். கட்டுமானத் தொழில் செய்பவராக இருப்பார், அல்லது வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பிய யாருடைய சித்தப்பாவாகவோ இருப்பார். கச்சேரியில் உங்களைக் கேட்டிருப்பார். "தம்பி, நீங்கள் பாட்டைப் பாருங்கள், பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார்.

எங்களுக்கும் வந்தார். தங்கமான மனிதர். ரெக்கார்டிங் நடந்த நாட்களில் அவர் வந்தால் பிரியாணியும் வரும். ஸ்டுடியோ மேலாளர் "பில் யார் பெயருக்கு?" என்று கேட்டபோது, அவர் தன் நிறுவனத்தின் விசிட்டிங் கார்டை நீட்டினார். அதில் ஜிஎஸ்டி எண் இருந்தது. ஸ்டுடியோ கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயரில் பில் இருந்தால் அதைக் கழித்துக்கொள்ள வழியிருக்கிறது என்றார். நியாயமாகத்தான் பட்டது. அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

ஆல்பம் வெளிவந்து சில காலம் கழித்து, ஒரு இணையத் தொடருக்கு எங்கள் பாடல் ஒன்றைக் கேட்டு வந்தார்கள். எங்கள் ஆல்பத்துக்கு அதுவரை வந்த பணம் எல்லாவற்றையும்விட அது பெரிய தொகை. அவர்களுடைய வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: ஒலிப்பதிவின் உரிமையாளர் யார்? நாங்கள்தான் என்றோம். ஆதாரம் கேட்டார்கள். எங்களிடம் இருந்தது புகைப்படங்கள். எங்களுக்குப் பணம் போட்டவரிடம் இருந்தது பில் கோப்பு. ஒவ்வொரு தாளிலும் அவருடைய நிறுவனப் பெயர், கீழே "ஒலிப்பதிவுக் கட்டணம்" என்று பாடல் பாடலாகப் பட்டியல். அவர் உரிமை கோரினார், நாங்கள் மறுத்தோம், தொடர்காரர்கள் எங்கள் சண்டை முடியும்வரை காத்திருக்காமல் வேறு குழுவின் பாடலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு எரிச்சல். ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். பணம் போட்டவன் முதலாளி என்பது அவர் அறிந்த வியாபாரம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் கிட்டத்தட்ட அவர் பக்கம் சாய்ந்துதான் பேசுகிறது. ஒரு ஒலிப்பதிவின் ஆசிரியர் என்று சட்டம் கருதுவது பாடியவரையோ வாசித்தவரையோ அல்ல, தயாரிப்பாளரை. அந்தப் பதிவை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவர்தான் தயாரிப்பாளர். முன்முயற்சி எங்களுடையது என்று வாதாடலாம். ஆனால் வாதாட வக்கீல் வேண்டும், வக்கீலுக்கு ஆல்பத்தைவிடச் செலவாகும்.

ஒரு பாட்டில் மூன்று சொத்துகள் இருக்கின்றன: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. முதலிரண்டும் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரியவை. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அவர்களுக்குச் சேர வேண்டிய ராயல்டிப் பங்கை (பாட்டைப் பிறர் பயன்படுத்தும்போது வரும் பணத்தில் உள்ள பங்கை) வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது, கொடுத்தாலும் செல்லாது. 1969 முதல் இயங்கும் ஐபிஆர்எஸ் என்ற அத்தகைய சங்கத்தில் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உறுப்பினராகிவிட்டால் அந்தப் பங்கு அங்கிருந்து வரும். மூன்றாவது சொத்தான ஒலிப்பதிவுக்கு அப்படி ஒரு காவல் இல்லை. அதன் உரிமைக்காலமோ வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள். இருபத்தைந்து வயதில் கைநழுவ விட்டால் எண்பத்தைந்து வயதுவரை அது அடுத்தவருடையது.

ஆகவே பணம் தருகிறவர் வந்தால், வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. பணம் முதலில் குழுவின் வங்கிக் கணக்குக்கு வரட்டும். அங்கிருந்து நீங்கள் ஸ்டுடியோவுக்குக் கட்டுங்கள். பில் குழுவின் பெயரில், குழுவுக்குப் பதிவு இல்லையென்றால் ஓர் உறுப்பினரின் பெயரில் இருக்கட்டும். அந்த உறுப்பினர் குழுவின் சார்பில்தான் கட்டினார் என்று மற்றவர்களோடு ஒரு கடிதம் எழுதிக்கொள்ளுங்கள். பணம் தந்தவரோடு ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் போதும்: எவ்வளவு கொடுத்தார், ஒலிப்பதிவு வருமானத்தில் எத்தனை சதவீதம் அவருக்குப் போகும், போட்ட பணம் திரும்பியதும் அது எவ்வளவாகக் குறையும், ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம். கடைசி வரியை எழுத வெட்கப்படாதீர்கள்.

அவர் உரிமைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், விற்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு உரிமம் மட்டும் கொடுங்கள். எழுதிக் கையெழுத்திடாத உரிமை மாற்றம் சட்டப்படி செல்லாது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இதை நம்பி நிம்மதியாக உட்கார்ந்துவிடவும் முடியாது. பழம் தின்று கொட்டை போட்ட நிறுவனங்கள் "முழு உரிமைக்காலத்துக்கும், உலகம் முழுவதும்" என்று தட்டச்சு செய்துதான் தாளைக் கொண்டுவருகின்றன.

பாடல்களை இணையத்தில் ஏற்றும்போது, அவற்றை ஸ்ட்ரீமிங் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோக நிறுவனத்தின் படிவத்தில், வட்டத்துக்குள் 'பி' எழுத்துப் போட்ட ஒரு குறியின் பக்கத்தில் பெயர் கேட்கும். அது ஒலிப்பதிவு உரிமையாளரின் பெயர். பில்லில் உள்ள பெயரும் அங்கே எழுதும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மேலாளர் "பில் யார் பெயருக்கு?" என்று கேட்கும் நேரத்தில் டீ குடிக்கப் போகாதீர்கள்.

முன்விற்பனையை நன்கொடை என்று நினைப்பது

பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கம் மொய்விருந்து வைத்தால் வந்த பணமெல்லாம் நோட்டில் ஏறும். இன்னொரு நாள் திருப்பிச் செய்தாக வேண்டும். ஆல்பம் வருவதற்கு முன்பே ரசிகர்களிடம் வாங்கும் பணமும் அதே வகைதான். ஐந்நூறு ரூபாய் அனுப்பியவருக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது நன்றாக நினைவிருக்கும். பெயர் அச்சிடுவோம், மற்றவர்களுக்கு முன்பே பாடலை அனுப்புவோம், வெளியீட்டுக் கச்சேரிக்கு ஒரு டிக்கெட் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். "உங்கள் பிறந்தநாளுக்கு வீட்டுக்கே வந்து பாடுவோம்" என்று அறிவித்த ஒரு குழு, இரண்டாவது ஆண்டிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆம்ப்ளிஃபயரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தது.

பணத்தை டிரம்ஸ் வாசிப்பவரின் சொந்த யுபிஐ எண்ணில் வாங்காதீர்கள். அது அவர் வீட்டு வாடகையோடு கலந்துவிடும். அவர் நல்லவராக இருந்தாலும் கலந்துவிடும்.

லாபத்தில் பங்கு தருகிறோம் என்று பொதுமக்களிடம் அறிவித்து வசூலிப்பதும் கூடாது. அது பங்குச் சந்தையையும் முதலீடுகளையும் கண்காணிக்கும் செபியின் எல்லைக்குள் போய் நிற்கும்.

கல்லூரி நிகழ்ச்சிப் பணத்தை வரும் முன்பே செலவழிப்பது

கல்லூரி விழாக்களில் பேசிய தொகை ஒன்று, கைக்கு வருவது ஒன்று. 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு தருவது வழக்கம். மீதியும் மாணவர் குழு, பொறுப்பாசிரியர், கணக்குப் பிரிவு என்று ஒவ்வொரு மேசையாக நகர்ந்துதான் வரும். விழா முடிந்ததும் அந்த மாணவர்கள் தேர்வுக்குப் போய்விடுவார்கள், தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். முன்பணம் பாதி வாங்காமல் வேனில் ஏறாதீர்கள். யாருடைய பான் எண்ணைக் கொடுக்கிறீர்களோ அவருடைய வருமானமாகத்தான் அது பதிவாகும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து பிடித்த பணம் திரும்ப வந்தால் அதுவும் அவர் கணக்குக்கே வரும். அதைப் பொதுப்பணத்தில் சேர்க்க வேண்டும் என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

திருமண வரவேற்பில் சினிமாப் பாட்டு வாசிப்பது கேவலம் என்று நினைக்கும் குழுக்களும் உண்டு. நான் பார்த்தவரை பல முதல் ஆல்பங்களுக்குப் படியளந்தது அந்த மேடைகள்தான். சம்பளத்தைப் பிரிப்பதற்கு முன் ஒரு பங்கை ஆல்பத்துக்கென்று எடுத்துவைத்தால் போதும்.

ஸ்ட்ரீமிங்கை நம்பிக் கடன் வாங்குவது

ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் பன்னிரண்டு மாதங்களில் குறைந்தது 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்கு ராயல்டி கணக்கில் ஏறும். 2024இல் வந்த விதி. வட்டி ஏறுவதற்கு அப்படி எந்த விதியும் இல்லை.

நகையை அடகு வைப்பது

வேண்டாம்.

சிடி அடிப்பது

யார் வீட்டில் போட்டுக் கேட்பார்கள்?

டி-ஷர்ட்

எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். 'எம்' அளவை மட்டும் அதிகமாக அச்சிடாதீர்கள்.

கவனம் ஈர்க்க ஒரு பழைய திரைப்பாடலைச் சேர்ப்பது

மேடையில் பாடுவது வேறு, பதிவு செய்து வெளியிடுவது வேறு. உரிமையாளர் அனுமதி தராவிட்டால் சட்டப்பூர்வ உரிமம் என்று ஒரு வழி இருக்கிறது. மூலப்பதிவு வெளிவந்து ஐந்து ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும், முன்னறிவிப்புத் தர வேண்டும், குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்கூட்டியே கட்ட வேண்டும். முதல் ஆல்பம் போடும் குழுவுக்கு இது கட்டுப்படியாகாது.

வெளியீட்டுக்கு ஒன்றும் மிச்சம் வைக்காதது

வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச்சீரமைப்பான மாஸ்டரிங் முடிந்த அன்று கையில் காசு தீர்ந்துபோகும் குழுக்களே அதிகம். பிறகு அட்டைப்படத்தைத் தெரிந்த பையன் ஒருவன் இலவசமாகச் செய்வான், அதற்காகவே மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். திரட்டியதில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள்: அட்டைப்படம், புகைப்படம், ஒரு காணொலி, வெளியீட்டுக் கச்சேரிக்கு அரங்கம். மார்கழியில் சென்னையில் அரங்கம் தேடாதீர்கள், சபாக்கள் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும். பாடலை ஏற்றியவுடன் வெளியிடவும் வேண்டாம். ஸ்பாட்டிஃபையில் பாடல் பட்டியல்களைத் தொகுக்கும் ஆசிரியர்களுக்குப் பாடலை அனுப்பக் குறைந்தது ஏழு நாள் அவகாசம் வேண்டும்; நான் ஒரு மாதம் விடச் சொல்வேன். ஆண்டுச் சந்தா வாங்கும் விநியோக நிறுவனம் என்றால் அடுத்த ஆண்டுச் சந்தாவையும் இப்போதே ஒதுக்குங்கள். சந்தா நின்றால் பாடல்களைக் கீழே இறக்கிவிடும் நிறுவனங்கள் உண்டு.

குழுவுக்குள் எழுதி வைக்காதது

முதல் ரெக்கார்டிங்குக்கு முன்பே ஒரு தாளில் பாடல் வாரியாக எழுதுங்கள்: வரிகள் யார், மெட்டு யார், யாருக்கு எத்தனை சதவீதம், யார் எவ்வளவு பணம் போட்டார், ஒருவர் விலகினால் அவர் போட்டது எப்போது திரும்பும். பாடகருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்ட பிறகு இந்தத் தாளை எழுத உட்கார்ந்தால், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி நினைவிருக்கும். கூட்டிப் பார்த்து நூறு வருகிறதா என்று சரிபார்த்து, எல்லாரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தாளை ஹார்ட் டிஸ்க் இருக்கும் உறையிலேயே போட்டு வையுங்கள். ஸ்டுடியோவிலிருந்து வாங்கிய தனித்தனி டிராக்குகளின் (ஒவ்வொரு கருவியும் குரலும் தனியாகப் பதிவான கோப்புகளின்) நகலும் அந்த ஹார்ட் டிஸ்க்கில் இருக்க வேண்டும். கடைசித் தவணையைக் கட்டும் நாளிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.